மரை கழன்ற துளை

அலுமினிய எஞ்சின் பாகத்தில் போல்ட்டை முடுக்கும்போது, கூடிக்கொண்டே வந்த இறுக்கம் சட்டென்று இளகிக் கை வெறுமனே சுற்றத் தொடங்கும் கணம் ஒன்று உண்டு. மூளைக்கு எட்டுவதற்கு முன்பே மணிக்கட்டு அதை அறிந்துவிடும். வெளியே எடுத்துப் பார்த்தால் எஃகுப் புரிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதன் பள்ளங்களில் அலுமினியம் மெல்லிய கம்பிபோல் சுற்றிக்கொண்டு வந்திருக்கும். அதுதான் துளையின் மரை.

எனக்கு இது முதலில் நேர்ந்தது ஒரு கிளட்ச் மூடியில். அதிலிருந்தவை எம்6, அதாவது 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட்டுகள்; ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு அவற்றுக்குப் போதும். ஓரத்தில் எண்ணெய் கசிகிறதே என்று, முறுக்கை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் பெட்டியில் கிடக்க, நீளமான ராட்செட்டை மாட்டி இன்னொரு கால் சுற்று இழுத்தேன். தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ போல்ட்டில் சுற்றியிருந்த சுருளை ஊசியால் பிரித்தெடுத்து வெளிச்சத்தில் காட்டினார். ஒரு பகுதி புதிதாகக் கிழிந்து பளபளத்தது. மீதி மங்கிக் கறுத்திருந்தது. "பாதிதான் உன் தப்பு, தம்பி. மீதி உனக்கு முன்னாடி முடுக்கினவங்க பண்ணி வெச்சது" என்றார்.

இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்தவரை அவர் சொன்னது பெரும்பாலும் சரி. சூட்டில் எஃகைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும் அலுமினியம், ஈரம் புகுந்தால் எஃகோடு சேர்ந்த இடத்தில் அரித்து வெண்பொடியாகிறது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மரையில் கொஞ்சம் போகிறது. பசை பூசியும் டேப் சுற்றியும் போல்ட்டை நிறுத்தியிருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அடுத்து கழற்றப்போகிறவன் தலையில் கட்டிவிடும் வேலை அது.

சரியான வழி, எஃகுக் கம்பிச் சுருளால் புது மரை அமைப்பது. ஹெலிகாயில் என்றால் எல்லோருக்கும் தெரியும். எம்6 துளையை 6.3 மில்லிமீட்டர் டிரில்லால் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப் என்னும் மரை வெட்டும் கருவியால் மரை வெட்டி, சுருளை மேற்பரப்புக்குக் கால் அல்லது அரைச் சுற்று கீழே இறங்கும்வரை திருக வேண்டும். சொல்லும்போது எளிது. அன்று நான் கண்ணால் பார்த்தே நேராக இருக்கிறது என்று நம்பித் துளைத்தேன். சுருளும் அழகாக உட்கார்ந்தது. ஆனால் போல்ட்டின் தலை ஒரு பக்கம் மட்டும் மூடியைத் தொட்டது, மறுபக்கத்தில் தாள் நுழையும் இடைவெளி தெரிந்தது. இந்த வேலையில் சுருள் கடைசிச் சங்கதி. டிரில் சாயாமல் இறங்குவதே முக்கால்வாசி வேலை.

மீதி பொறுமை. டேப்பில் மண்ணெண்ணெய் தடவி, அரைச் சுற்று முன்னே போனால் கால் சுற்று பின்னே வந்து பிசிறை உடைக்க வேண்டும். அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருந்தால், இறங்கும் போல்ட் அதை அழுத்தி வார்ப்பையே பிளந்துவிடக்கூடும். சுருளின் அடியில் குறுக்காக மடங்கி நிற்கும் வாலைத் தட்டி முறிக்கலாம். ஸ்பார்க் பிளக் துளையில் மட்டும் அதைக் கூர்மூக்குக் குறட்டால் பிடித்து முறித்து வெளியே எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அது பிஸ்டன் மேல் விழும்.

ஒட்டுப்போட்ட மரை எத்தனை நாள் தாங்கும் என்று வண்டிக்காரர்கள் கேட்பதுண்டு. நேராக வெட்டியிருந்தால் பழையதைவிட நன்றாகவே தாங்கும்: சுருளின் வெளிவிட்டம் பெரிது என்பதால் பிடிமானம் அதிக அலுமினியத்தில் பரவுகிறது, கழற்றி மாட்டும் தேய்மானத்தை எஃகு ஏற்றுக்கொள்கிறது. விமான எஞ்சின்களின் அலுமினிய வார்ப்புகளில் புதிதாகச் செய்யும்போதே இத்தகைய சுருள்களை வைப்பதுண்டு.

அன்று சாய்ந்த துளையை அண்ணனே சரிசெய்தார். பிறகு மூடியின் மற்ற போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். இன்னும் இரண்டு துளைகளில் மரை பாதி போயிருந்தது. டிரில்லை என்னிடமே நீட்டி, மூலைமட்டத்தை வார்ப்பின் மேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டார்.