மோரிஸ் மைனர் 948: கிராங்க் அரைத்துக் கட்டிய விபரம்

எஞ்சின் சூடேறியதும் ஐட்லில் ஒயில் விளக்கு மினுக்கும். கியரில் இழுக்கும்போது அடியிலிருந்து கனத்த 'டொம் டொம்' கேட்கும். அது மெயின் பெயாரிங், அதாவது கிராங்க் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) எஞ்சின் பிளாக்கில் சுழலும் இடம். சத்தம் மெலிதாக, அக்சிலேட்டரை விடும்போது கூடுதலாக வந்தால் பிக் என்டை, அதாவது பிஸ்டன் ராட்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்தைச் சந்தேகிக்கலாம். பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எந்தச் சிலிண்டரில் சத்தம் அடங்குகிறதோ அதுதான் ஆள். மட்டக்களப்பில் நாங்கள் கட்டிய எஞ்சினில் இரண்டும் இருந்தன. 1956 முதல் 1962 வரை மோரிஸ் மைனர் 1000இல் வந்த 948 சீசி ஏ சீரீஸ் அது: மூன்று மெயின், நான்கு பிக் என்ட்.

கழற்றுவதில் பெரிய வித்தை இல்லை. பெயாரிங்குகளை மூடி இறுக்கும் கப்புகளுக்கும் ராட்டுகளுக்கும் சென்டர் பஞ்சால் இலக்கம் அடியுங்கள், பிளைவீல் இருந்த இடத்தைக் கிராங்கில் குறியுங்கள். போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் சாவி போட்டால் தலை உருண்டுவிடும்.

அளவெடுப்பதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு ஜேர்னலையும் (பெயாரிங்கில் சுழலும் கிராங்கின் உருண்டைப் பகுதி) இரண்டு இடத்தில், ஒவ்வோரிடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். புதுக் கிராங்கில் மெயின் 1.7505 முதல் 1.7510 அங்குலம், பிக் என்ட் 1.6254 முதல் 1.6259 அங்குலம். ஒரு தவ்வுக்கு மேல், அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் ஓவலாகியிருந்தால் அரைக்கத்தான் வேண்டும். எங்களுடையதில் மெயினில் கீறல் மட்டும், 10 தவ் போதுமாயிருந்தது. பிக் என்ட் ஒன்றில் பள்ளம் ஆழம் என்பதால் நான்கையும் 20 தவ்வுக்கு இறக்கினோம். ஒன்றை மட்டும் தனியே இறக்கக்கூடாது. மெயினும் பிக் என்டும் வேறு வேறு அளவில் இருப்பதில் பிழையில்லை. ஆக அரைத்தபின் வரவேண்டியது: மெயின் 1.7405–1.7410, பிக் என்ட் 1.6054–1.6059.

முதலில் ஷெல்லை (ஜேர்னலைச் சுற்றி வரும் அரைவட்டப் பெயாரிங் தகடு) வாங்குங்கள், பிறகுதான் கிரைண்டிங். அரைத்துவிட்டு அந்த அளவுக்கு ஷெல் தேடி அலைந்தவர்கள் ஏராளம். ஷெல்லைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுத்தோம். பெட்டியை நம்பாமல் ஷெல்லின் முதுகில் அடித்திருக்கும் 010, 020 என்ற இலக்கத்தைப் பார்க்க வேண்டும். கிராங்கோடு ஷெல்லையும் கிரைண்டிங்காரரிடம் கொடுத்து மூன்றைத் துண்டில் எழுதிக் கொடுத்தோம்: ஜேர்னல் ஓரத்து வளைவை அப்படியே விட வேண்டும், ஒயில் துளை வாயை மழுக்க வேண்டும், கிராங்கின் பின்பக்கத்தில் ஒயிலைத் திருப்பித் தள்ள வெட்டியிருக்கும் மரையைத் தொடக்கூடாது. ஓரம் கூராக வெட்டுப்பட்டால் கிராங்க் அந்த இடத்திலேயே முறியும். அரைக்க முன் வெடிப்புச் சோதனையும் கேளுங்கள். தூக்கிப் பிடித்துச் சுத்தியலால் தட்டி மணிச்சத்தம் கேட்பது அரைகுறைச் சோதனைதான்.

திரும்பி வந்த கிராங்கின் ஒயில் வழிகளில் கிரைண்டிங் தூள் அடைந்திருக்கும். புது ஷெல்லைத் தின்பது பெரும்பாலும் அதுதான். நீள பிரஷும் மண்ணெண்ணெயும் போட்டுக் குத்திக் கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை விடவேண்டாம். வாவியும் கடலும் சூழ்ந்த இந்த ஊரில் அரைத்த ஜேர்னல் கறள் பிடிக்க நாளெடுக்காது. கழுவிய கையோடு கட்டியான ஒயிலைப் பூசிப் பொலித்தீனில் சுற்றுங்கள்.

பூட்டும்போது ஷெல் முதுகும் அது இருக்கும் இடமும் எண்ணெயின்றி உலர்ந்திருக்க வேண்டும், முகத்துக்கு மட்டும் ஒயில். கிராங்க் முன்பின் நகராமல் பிடிக்க நடு மெயினில் வரும் திரஸ்ட் வாசர்களின் பள்ளம் போட்ட பக்கம் கிராங்கைப் பார்க்க வேண்டும். மாறிப் போட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடும். மெயின் போல்ட்டு 60 இறாத்தல்-அடி, பிக் என்ட் 35. ஒவ்வொரு கப்பாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தக் கப்பில் பிடிக்கிறதோ அங்கே ஷெல்லின் கீழ் தூசி இருக்கும், அல்லது கப் திரும்பியிருக்கும். டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் முன்பின் ஆட்டம் 2 முதல் 3 தவ். லொக் தகடுகளைப் புதிதாகவே போடுங்கள்.

தேய்ந்த கிராங்குக்குக் கப்பை அராவி இறுக்குவதும், ஷெல்லுக்குப் பின்னால் தாள் வைப்பதும் இன்னும் சில கராஜ்களில் நடக்கிறது. கப்பை அராவினால் துளை வட்டம் கெட்டுவிடும், பிறகு புது ஷெல்லும் அதில் சரியாக உட்காராது.

பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றிய பிறகே பற்றவையுங்கள். எங்கள் சூட்டுக்கு 20டபிள்யூ-50 ஒயில் நல்லது. சூடேறி ஓடும்போது கேஜ் 60 பிஎஸ்ஐ, ஐட்லில் 15 காட்டினால் காணும். முதல் 500 மைலுக்கு மணிக்கு 45 மைலுக்கு மேல் போகாமல், ஏற்ற இறக்கமில்லாத கல்முனை வீதியில் ஓட்டலாம். அது முடிந்ததும் ஒயிலையும் பில்டரையும் மாற்றுங்கள்.

இந்த எஞ்சினின் பின்பக்கத்தில் ரப்பர் சீல் கிடையாது. அந்த மரைதான் ஒயிலைத் திருப்பித் தள்ளுகிறது. பெல் ஹவுசிங் அடித்துளையில் ஓரிரு சொட்டு வந்தால் பதற வேண்டாம், கீழே ஒரு அட்டையை வையுங்கள். கிளச் வழுக்கும் அளவுக்கு வந்தால் பின் மெயின் கிளியரன்ஸை (ஜேர்னலுக்கும் ஷெல்லுக்கும் இடையிலான இடைவெளி) திரும்பப் பாருங்கள். வெளியே சிலிக்கோன் பூசி அதை நிறுத்த முடியாது.