முழு வருகைக்குக் கொடுத்த பரிசு

2021 அக்டோபர் இறுதியில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியில் தொடங்கி வைக்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் பாடம் சொல்லிக் கொடுத்து வந்தேன். அந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பைத் தாண்டி வளர்ந்துவிட்ட பிறகும் வருவதை நிறுத்தவில்லை. அதனால் சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு வாசிப்புக் கூட்டம் நடக்கத் தொடங்கியது. பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வயது வரை ஏறத்தாழ இருபது பேர் வருவார்கள். அறையோ பத்தடிக்குப் பதினாறடிதான். முழங்காலோடு முழங்கால் இடிக்கத் தரையில் உட்கார்ந்து வாசிப்போம்.

கூட்டம் கலைந்துவிடக் கூடாதே என்ற கவலையில், ஒரு பருவம் முழுவதும் ஒரு வாரம்கூடத் தவறாமல் வருபவருக்குப் புத்தகப் பரிசு தருவேன் என்று அறிவித்தேன். அந்தப் பருவத்தின் கடைசிக்கு முந்தைய வாரத்தில், அதுவரை ஒரு நாளும் தவறவிடாத எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, காலையிலிருந்து காய்ச்சல் இருந்தும் வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை அவள் உடம்பில் கொப்புளங்கள் தெரிந்தன; அவர்கள் வீட்டு வாசலில் வேப்பிலை செருகப்பட்டது. இரண்டு வாரம் கழித்து மேலும் மூன்று வீடுகளின் வாசலில் வேப்பிலை ஏறியது. அவர்களில் ஒருவன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம்.

சின்னம்மை, கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே பிறருக்குத் தொற்றத் தொடங்கி, எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை தொற்றிக்கொண்டே இருக்கும். தொற்றியவரின் உடம்பில் அது வெளிப்படப் பத்திலிருந்து இருபத்தொரு நாள் வரை ஆகும். வாசலில் செருகும் வேப்பிலை நம் ஊரின் மிகப் பழைய சுகாதார அறிவிப்புதான் என்றாலும், அது எப்போதும் இரண்டு நாள் தாமதமாகவே வந்து சேர்கிறது. அந்தப் பெண்ணை யாரும் குறை சொல்ல முடியாது. காய்ச்சலோடு வந்தவளுக்குப் பரிசு, வீட்டில் ஓய்வெடுத்தவளுக்கு இழப்பு என்று விதி செய்தவள் நான்.

பரிசை நிறுத்தியதுதான் நான் செய்த முதல் வேலை. அதன்பின் பிள்ளைகளையே உட்கார வைத்து, ஒரு கூட்டத்தில் நோய் எப்படி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது என்பதை அவர்கள் கண்ணால் காணும்படி செய்ய வேண்டும் என்று நினைத்தேன். கொரோனா காலத்தில் இவர்கள் கேட்ட அறிவுரைகள் ஏராளம். காரணம் சொல்லப்பட்டவை மிகக் குறைவு. அதனால்தான் முகக்கவசம் தாடைக்கு இறங்கிய அன்றே மற்ற பழக்கங்களும் இறங்கிவிட்டன.

ஒரு சனிக்கிழமை, மாடி அறையின் சன்னல்கள் இரண்டையும் கதவையும் சாத்திவிட்டு, மூலையில் ஒரே ஓர் ஊதுபத்தியை ஏற்றி வைத்தேன். வாசனை தன் மூக்குக்கு எட்டியதும் கையைத் தூக்க வேண்டும் என்பது மட்டுமே விளையாட்டு. பக்கத்தில் இருந்தவர்கள் உடனே தூக்கினார்கள். சில நிமிடங்களில் எதிர்மூலையில் இருந்தவனும் தூக்கிவிட்டான். ஆறடி தள்ளி உட்கார்ந்தால் போதும் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மின்விசிறியைப் போட்டால் சரியாகிவிடும் என்றான் ஒருவன், போட்டோம். புகை இன்னும் வேகமாக அறை முழுவதும் கலந்ததே தவிர வெளியேறவில்லை. கூரையில் சுற்றும் விசிறி உள்ளே இருக்கும் காற்றையே திருப்பித் திருப்பிக் கலக்குகிறது, வெளிக்காற்றை அது கொண்டுவருவதில்லை என்பதை அவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். பிறகு எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, மேசை விசிறி ஒன்றை வெளியே பார்த்து ஊதும்படி ஒரு சன்னலில் வைத்தபோது, புகை கயிறு பிடித்து இழுத்தாற்போல அந்தப் பக்கமாகப் போனது. அன்றிலிருந்து சன்னலைத் திறப்பதற்கு நான் ஒருநாளும் ஆளைத் தேடியதில்லை.

இதை ஒட்டித்தான் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் நடந்ததைச் சொன்னேன். 2020 மார்ச் 10 அன்று அங்கே ஒரு பாடகர் குழுவைச் சேர்ந்த 61 பேர் இரண்டரை மணி நேரம் கூடிப் பாடிப் பயிற்சி செய்தார்கள். அறிகுறியோடு வந்திருந்தவர் ஒரே ஒருவர். மற்றவர்களில் 52 பேருக்கு, உறுதியானவர்களும் ஐயத்துக்குரியவர்களுமாக, கொரோனா வந்தது, இருவர் இறந்தார்கள். பாடும்போதும் உரக்கப் பேசும்போதும் வாயிலிருந்து கிளம்பும் நுண்துளிகள் ஊதுபத்திப் புகையைப் போலக் காற்றிலேயே நின்றுவிடுகின்றன. விஞ்ஞானிகளான லிடியா மொராவ்ஸ்கா, டொனால்டு மில்டன் ஆகியோர் இதை வலியுறுத்தி 239 அறிஞர்களின் ஆதரவோடு எழுதியது 2020 ஜூலையில். அந்த நாள்களில் நாங்களோ பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம்! உரக்க வாசிப்பதே எங்கள் கூட்டத்தின் வேலை என்பதால், பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி நன்றாக உறைத்தது. மழையில்லாத மாதங்களில் மொட்டை மாடியில் பாய் விரித்து வாசிக்கலாம் என்ற யோசனை அவர்களிடமிருந்தே வந்தது.

கைகழுவுதலுக்கு மஞ்சள்தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் கைகளில் பூசச் சொல்லி, வழக்கம்போலக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். கட்டைவிரலின் அடியிலும் நகக்கண்ணிலும் மஞ்சள் அப்படியே இருந்தது. இருபது நொடி என்றால் யாருக்கும் கணக்குத் தெரிவதில்லை. ஏழாம் வாய்ப்பாட்டை நிதானமாகப் பத்து வரை சொல்லி முடித்தால் சரியாக இருக்கிறது. வயிற்றுப்போக்கையும் வாந்தியையும் உண்டாக்கும் நோரோ போன்ற வைரசுகளுக்குச் சானிடைசர் போதாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். சுண்டலைக் கூட்டத்திற்குச் சற்று முன்பு தாளித்து, கரண்டியால் மட்டுமே பரிமாறுகிறோம். மதியம் கிளறிய எலுமிச்சைச் சோற்றை மாலை வரை மூடி வைத்துக் கொண்டுவர வேண்டாம் என்று பெற்றோரிடம் கேட்டுக்கொண்டேன்.

தண்ணீரைப் பொறுத்தவரை நான் கற்றுக்கொடுக்க எதுவும் இல்லை. சொம்பை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பது இந்தப் பிள்ளைகளுக்குக் கைவந்த பழக்கம். ஆனால் அந்தப் பேச்சில்தான் ஒரு பையன், "காய்ச்சல் வந்தவங்களைத் தள்ளி வைக்கிறதும் அந்தக் காலத்துத் தனிக் குவளை மாதிரிதானே, அக்கா?" என்று கேட்டான். அவன் கேட்டது எனக்கு ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது. எச்சில் என்ற சொல்லுக்கும் தீட்டு என்ற சொல்லுக்கும் இடையே நம் ஊர்களில் ஓடும் கோடு மிகவும் மெல்லியது. சுத்தத்தின் பெயரால் மனிதர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்கள் நாம். அடுத்த வாரம் என் பதிலைச் சொன்னேன்: தனிக்குவளை பிறப்பைப் பார்த்து வைக்கப்பட்டது, அதற்கு முடிவு நாள் கிடையாது, இங்கே விலகி இருப்பது நோயின் நாள்களுக்கு மட்டும், அது எனக்கும் பொருந்தும், நாள் முடிந்ததும் அதே பாயில் அதே இடம். இந்தப் பதில் அவனுக்குப் பாதிதான் நிறைவளித்தது என்று நினைக்கிறேன். மீதிப் பாதியை நடைமுறையில்தான் காட்ட வேண்டியிருந்தது.

அதனால் மூன்று ஏற்பாடுகளைச் செய்துகொண்டோம். வராதவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மட்டும் ஒரு வரி தெரிவித்தால் போதும், வாட்ஸ்அப் குழுவில் யாரும் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது. வராதவர் அன்று வாசிக்க வேண்டிய முறை அவருக்காகக் காத்திருக்கும். அன்று படித்த பக்கங்களை யாராவது ஒருவர் அவருக்குப் புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுவார். காய்ச்சல் விட்டும் இருமல் நீடிப்பவர் முகக்கவசத்தோடு சன்னலோரம் உட்காரலாம். தும்மலை உள்ளங்கையில் வாங்காமல் முழங்கை மடிப்பில் வாங்கிக்கொள்வது பெரியவர்களுக்குத்தான் வரவில்லை. என் அப்பா இன்னும் கையால்தான் வாயைப் பொத்துகிறார், பிள்ளைகள் அவரை முறைக்கிறார்கள்.

மேலே சொன்ன விதி எனக்கும் ஒருநாள் வந்தது. கார்த்திகை மாதத்தில் எனக்குச் சளிக்காய்ச்சல் கண்டபோது, சமாளித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுக் கீழ் அறையில் படுத்துக்கொண்டேன். பிள்ளைகள் தாங்களாகவே மேலே போய்க் கூட்டத்தை நடத்தினார்கள்.

போன மாதம், அம்மையில் தேர்வை எண்ணிப் பதறிய அந்தப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனின் தம்பி வெள்ளிக்கிழமை இரவு அழைத்து, "அக்கா, மூக்கு ஒழுகுது, உடம்பு சுடுது, நாளைக்கு நான் வரலை. ஆனா நாளைக்கு வாசிக்கிறது என் முறை" என்றான். அடுத்த வாரம் வாசிக்கலாம் என்றேன். அவன் கேட்கவில்லை. சனிக்கிழமை கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டுப் பாயின் நடுவில் வைத்தோம். நாற்பது நிமிடம் வாசித்தான். பத்திக்கு ஒரு முறை மூக்கை உறிஞ்சினான், ஒவ்வொரு முறையும் பத்தொன்பது பேரும் சிரித்தார்கள்.