வொர்க்கரை ஒண்ணாக்கு

"லேப்டாப்ல எல்லாப் பதிவும் வருது அக்கா. கூகுள் சர்வர்ல டிப்ளாய் பண்ணினா ஒரு தடவை இருக்கு, ரெஃப்ரெஷ் பண்ணா காணோம்."

"ஜியூனிகார்ன் வொர்க்கரை ஒண்ணாக்கு. ஆப்.யாமல்ல மேக்ஸ் இன்ஸ்டன்ஸஸ் 1னு போடு."

பயிற்சிக்கு வந்த பையனுக்கு நான் சொன்ன அந்தப் பதில் வேலை செய்தது. உறுத்துவதும் அதுதான்.

ஜியூனிகார்ன் என்பது பைதான் வலைச்செயலியை ஓட்டும் சர்வர், வொர்க்கர் அதில் கோரிக்கைகளைக் கவனிக்கும் தனி புராசஸ். ஆப்.யாமல் கூகுள் ஆப் எஞ்சினுக்கான அமைப்புக் கோப்பு, இன்ஸ்டன்ஸ் அங்கே ஓடும் செயலியின் ஒரு பிரதி. அவனுடைய மெயின்.பை கோப்பின் தலையில் ஒரு காலி லிஸ்ட். படிவம் வரும்போதெல்லாம் அதில் அப்பெண்ட், அதாவது கடைசியில் சேர்ப்பது. லேப்டாப்பில் ஃபிளாஸ்க் (பைதானில் வலைச்செயலி எழுதும் கருவி) ஒரே புராசஸாக ஓடியதால் பிழை தெரியவில்லை. கூகுள் ஆப் எஞ்சினின் ஸ்டாண்டர்ட் வகையில் வொர்க்கர் இரண்டு என்றால் லிஸ்ட்டும் இரண்டு. ஒன்றில் பதிவு விழும். பார்க்க வருகிறவர் மற்றதைப் பார்ப்பார். கூட்டம் கூடினால் இன்ஸ்டன்ஸ்களும் பெருகும், ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம்.

ஒன்றாக்கினால் அறிகுறி மறையும், நோய் இருக்கும். ஆட்டோமேட்டிக் ஸ்கேலிங்கில் கொஞ்ச நேரம் யாரும் வராவிட்டால் இன்ஸ்டன்ஸ் அணைந்துவிடும், லிஸ்ட்டும் போகும். மறுபடி டிப்ளாய் செய்தாலும் அதே கதி. கோப்பில் எழுதலாம் என்றால், எழுத அனுமதியுள்ள டெம்ப் ஃபோல்டரும் அதே ரேமில்தான் இருக்கிறது.

டெமோவுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. அந்தப் பதற்றத்தில் டேட்டாபேஸ் பாடம் எடுத்திருந்தால் அவன் காதில் ஏறியிருக்காது. இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால், "வொர்க்கர் 1 வெச்சா டேட்டா போகாது" என்று அடுத்த பேட்ச்சுக்கு அவன் விதியாகவே சொல்லிக்கொடுத்ததைக் கேட்டபோது சமாதானம் நிற்கவில்லை. 'இது இன்றைக்கு மட்டும்' என்று ஒரு வார்த்தை சேர்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

கூகுளின் டேட்டாபேஸான ஃபயர்ஸ்டோரைக் காட்டியிருக்கலாம், நான்கைந்து வரிதான். அதிலும் அவன் மொத்த லிஸ்ட்டையும் ஒரே டாக்குமெண்ட்டில் வைத்திருப்பான் என்றே தோன்றுகிறது. டாக்குமெண்ட்டுக்கு 1 எம்ஐபி (சுமார் பத்து லட்சம் பைட்) வரம்பு உண்டு. அதைவிட மோசம், படித்து, சேர்த்து, திரும்ப எழுதும் முறை: இருவர் ஒரே சமயத்தில் பதிந்தால் பின்னால் எழுதியது முன்னதை அழித்துவிடும். பதிவுக்கு ஒரு டாக்குமெண்ட் என்று, டாக்குமெண்ட்களின் தொகுப்பான கலெக்ஷனில் சேர்த்துக்கொண்டே போவதுதான் சரி.

வொர்க்கர் ஒன்று, இன்ஸ்டன்ஸ் ஒன்று, அதுவும் ஜியூனிகார்னின் இயல்பான சிங்க் வகை. கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். அந்த அமைப்பில் இந்த இழப்பும் அவன் கண்ணில் பட்டிருக்காது.