தவக்கால வெள்ளிகளில் சினிமா: தேவகோட்டை வளவில் செய்து பார்த்தது

சினிமாவில் பலியையும் மீட்பையும் தேடுவது எனக்கு ரொம்ப காலமாகவே பிடித்த வேலை. பக்திப் படங்களில் தேடுவதில்லை. எல்லாரும் டிக்கெட் எடுத்துப் பார்த்த சாதாரணப் படங்களில்தான் தேடுவேன். யார் யாருக்காக உயிரைக் கொடுத்தார், எந்தப் பாவி எந்த இடத்தில் திரும்பினான் என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். இந்தத் தவக்காலத்தில் அதைத் தனியாகச் செய்யாமல், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்த பிறகு தெருக்காரர்களோடு சேர்ந்து பார்க்கலாம் என்று தொடங்கினேன். எங்கள் தெருவில் இருக்கும் நகரத்தார் வீட்டு ஆச்சி, "வளவு சும்மாதானே கெடக்கு, இங்கேயே போடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டார்கள். வளவு என்றால் வீட்டின் நடுமுற்றம்.

செட்டிநாட்டு வீட்டில் படம் போட நினைப்பவர்களுக்காக முதலில் சில விஷயங்கள். சுவரில் நேராகப் படம் விழ வைக்க முடியாது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர் இன்றைக்கும் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு. புரொஜெக்டர் வெளிச்சம் நடுவில் வெள்ளைத் திட்டாக நின்று கண்ணைக் கூசுகிறது. இரண்டு எட்டு முழ வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து, தூணுக்குத் தூண் கொடி கட்டித் தொங்கவிட்டு, அடியில் ஒரு மூங்கில் கம்பைக் கோத்தோம். சுருக்கம் போய்விட்டது. சத்தம்தான் பெரிய பாடு. ஆத்தங்குடி டைல்ஸிலும் தூண்களிலும் பட்டு வசனம் எதிரொலிக்கிறது. வீட்டில் இருந்த ஜமுக்காளங்களை எல்லாம் விரித்து, ஸ்பீக்கரை ஆட்களுக்கு நடுவே கொண்டு வந்து வைத்த பிறகுதான் காதுக்கு விளங்கியது. வளவுக்கு மேலே திறந்த வானம் என்பதால் ஏழு மணிக்கு முன்னால் தொடங்க வழியில்லை. ஆங்கிலப் படமென்றால் ஆச்சி பேத்தி சப்டைட்டிலைத் தமிழாக்கி உரக்கச் சொல்வாள். அவள் குரல் இல்லாமல் இனி இந்தப் படங்களைப் பார்க்கவே தோன்றாது.

சரி, நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதில் மூன்று கட்டங்கள் இருந்தன: யார் செத்தார், யாருக்காக, என்ன அடையாளம். இந்த மூன்றாவது கட்டம்தான் சீக்கிரம் நிரம்பும். விரித்த கைகள், விலாவில் காயம், பன்னிரண்டு பேரோடு விருந்து, செத்தவன் எழுவது என்று இயேசு கதையை நினைவுபடுத்துகிறவை எல்லாம் அதில் வரும். 2013இல் வந்த சூப்பர்மேன் படமான 'மேன் ஆஃப் ஸ்டீல்'-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாயகனுக்கு 33 வயது, இயேசு சிலுவையில் இறந்ததாகச் சொல்லப்படும் அதே வயது. குழப்பத்தோடு தேவாலயத்துக்குப் போய் குருவிடம் பேசுகிறான், அப்புறம் வானத்தில் இரண்டு கையையும் விரித்து மிதக்கிறான். அடையாளத்துக்குக் குறைவே இல்லை, ஆனால் என் மனசு அசையவில்லை. ஊர் இடிந்து விழுகிறது, அவனால் எவனும் உள்ளே மாறவில்லை. அதனால் நாலாவதாக ஒரு கட்டம் போட்டேன்: காப்பாற்றப்பட்டவர் அப்புறம் என்ன ஆனார்? இந்த வெள்ளிகளில் நாங்கள் பேசியது பெரும்பாலும் அந்தக் கட்டத்தைப் பற்றித்தான்.

அந்தக் கேள்வியை நன்றாகத் திறந்துவிட்டது 1986இல் வந்த 'தி மிஷன்'. தென்னமெரிக்காவில் சேசு சபை (ஜெசூட்) குருக்களைப் பற்றிய கதை. குவரானி பழங்குடி மக்களைப் பிடித்து அடிமையாக விற்ற மெண்டோசா, கோபத்தில் தன் தம்பியையே குத்திக் கொன்றுவிடுகிறான். அதற்குப் பரிகாரமாகத் தன் கவசத்தையும் வாள்களையும் வலையில் மூட்டையாகக் கட்டி, அருவிப் பாறையில் இழுத்துக்கொண்டு ஏறுகிறான். பாவம் பார்த்து ஒரு குரு கயிற்றை வெட்டிவிட்டால், இறங்கிப் போய் மூட்டையை எடுத்து மறுபடி கட்டிக்கொள்கிறான். உச்சியில் யாரை வேட்டையாடினானோ அதே குவரானி மக்கள் நிற்கிறார்கள். ஒருவன் கத்தியோடு வந்து அவன் கழுத்தில் வைக்கிறான். பிறகு அந்தக் கத்தியாலேயே கயிற்றை அறுத்து மூட்டையை ஆற்றில் உருட்டிவிடுகிறான். மெண்டோசா குலுங்கிக் குலுங்கி அழுகிறான், அவர்கள் சிரிக்கிறார்கள், கடைசியில் அவனும் சிரிக்கிறான்.

படத்தை அங்கேயே நிறுத்தச் சொன்னார்கள் ஆச்சி. "ஏந் தம்பி, சாமியார் வெட்டுனா போகாத பாரம், இவன் வெட்டுனா எப்படிப் போச்சு?" என்று கேட்டார்கள். பதிலையும் அவர்களே சொன்னார்கள்: "அடிபட்டவன்ல வெட்டணும்." பாவமன்னிப்பைப் பற்றி நான் மறைக்கல்வி வகுப்பில் கேட்டதெல்லாம் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது போல இருந்தது. ஆச்சி கிறிஸ்தவர் இல்லை. ஆனால் சிறுகூடல்பட்டிக்காரர் கண்ணதாசன் எழுதிய 'இயேசு காவியம்' அவர்கள் அலமாரியில் இருக்கிறது, படித்திருக்கிறார்கள். படத்தின் முடிவில் கபிரியேல் சாமியார் நற்கருணையைக் கையில் ஏந்தி மக்களோடு நடந்து வந்து சுடப்பட்டு விழும்போது வளவே அமைதியாகிவிட்டது. எங்கள் பகுதிக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தரும் (ஜான் டி பிரிட்டோ) சேசு சபைக் குருதான். அவர் ரத்தம் சிந்திய அந்த இடத்துச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டில் வைத்திருப்பவர்கள் அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

2008இல் வந்த 'கிரான் டொரினோ'வை இளைஞர்களுக்காகப் போட்டேன். கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்து இயக்கியது. கொரியப் போரில் சண்டை போட்ட முரட்டுக் கிழவர் வால்ட். பக்கத்து வீட்டு மொங் இனப் பையன் தாவோவை ஒரு ரவுடிக் கும்பல் வாழவிடாமல் செய்கிறது. கடைசியில் வால்ட் கையில் ஆயுதம் இல்லாமல் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று, லைட்டர் எடுக்கச் சட்டைக்குள் கை விட்டு, குண்டு பாய்ந்து கை விரித்தபடி விழுகிறார். எல்லாரும் பேசுவது இந்தக் காட்சியைத்தான். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு முந்தைய ஒன்று. இளம் குருவிடம் அவர் செய்யும் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) சில்லறைப் பாவங்களோடு முடிந்துவிடும். போரில் சரணடைய வந்த ஒரு சின்னப் பையனைச் சுட்டதை, நிலவறையில் பூட்டிவைத்த தாவோவிடம் கம்பி வலைக் கதவு வழியாகத்தான் சொல்கிறார். அந்தக் கதவைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் வலை போலவே எடுத்திருக்கிறார்கள். கும்பல் சிறைக்குப் போகிறது, தாவோ கொலைகாரனாகாமல் தப்புகிறான். நாலாவது கட்டத்துக்கு இதைவிட நல்ல பதில் வேறென்ன வேண்டும்?

பிள்ளைகளுக்கு 'தி அயர்ன் ஜயன்ட்' (1999). ஏவுகணையை மறிக்க இரும்பு மனிதன் மேலே பறக்கிற இடத்தில் சின்னதுகள் எல்லாம் அழுதுவிட்டன. 'ஸ்பைடர்மேன் 2' (2004) அவர்கள் முன்னமே பார்த்ததுதான். ஆனாலும் ரயில் காட்சியை மட்டும் திரும்பப் போட்டோம். ரயிலை நிறுத்திக் களைத்து மயங்கியவனைப் பயணிகள் தலைக்கு மேலே கைமாற்றி உள்ளே தூக்கிப் போகிறார்கள். இயேசுவைச் சிலுவையிலிருந்து இறக்கும் ஓவியம் நினைவுக்கு வரும். அதோடு முடியவில்லை. வில்லன் வந்ததும் அதே சாதாரண ஜனங்கள் எழுந்து குறுக்கே நிற்கிறார்கள். காப்பாற்றப்பட்டவர்கள் காப்பாற்றுகிறவர்களாக ஆன அந்த நிமிஷத்துக்காக நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

தமிழ்ப் படங்களில் தியாகத்துக்குப் பஞ்சமில்லை. நண்பன் குண்டை வாங்கிக்கொண்டு நாயகன் மடியில் சாவான். ஆனால் அடுத்த காட்சியிலேயே நாயகன் அரிவாளோடு கிளம்பிவிடுவான். ஒரு சாவு இன்னும் பத்துச் சாவுக்கு முதலாகிவிடுகிறது. அதைப் பழி என்று சொல்லலாம், மீட்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'அன்பே சிவம்' (2003) இதில் தனியாக நிற்கிறது. கடவுள் நம்பிக்கையில்லாத கம்யூனிஸ்ட் நல்லசிவம், விபத்தில் சிதைந்த உடம்போடு கன்னியாஸ்திரிகளின் பராமரிப்பில் எழுகிறார். காதலித்தவளை மனசார விட்டுக்கொடுக்கிறார். அவரைக் கொல்ல அனுப்பப்பட்டவன் மனம் மாறுகிறான். கொலைக்கு வந்தவன் மன்னிப்போடு திரும்பிப் போகிறான் என்றால் அது மெண்டோசா கயிற்றுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய காட்சி.

'ஏழை படும் பாடு' (1950) போட வேண்டும் என்று ரொம்ப ஆசை. திருடிய வெள்ளிப் பாத்திரங்களோடு பிடிபட்டவனிடம், மெழுகுவர்த்தித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்பும் ஆயர் வரும் விக்டர் ஹியூகோவின் 'லே மிசெராப்ள்' நாவலைத் தமிழில் கே. ராம்நாத் எடுத்தது. நாகையா நடித்தது. விரட்டும் போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு ஜாவர் என்ற பெயரே இதில்தான் ஒட்டிக்கொண்டது. நாவலை அதே பெயரில் தமிழாக்கிய சுத்தானந்த பாரதியும் நம் சிவகங்கைக்காரர். சத்தம் தெளிவாக உள்ள பிரதி கிடைக்காததால் இப்போதைக்கு அதே கதையை வைத்து 2012இல் வந்த ஆங்கிலப் பாட்டுப் படத்திலிருந்து ஆயர் காட்சியை மட்டும் காட்டினேன். அதில் ஆயராக வருகிற கோல்ம் வில்கின்சன்தான் 1985இல் லண்டன் மேடையில் அந்தத் திருடன் வால்ஜீனாக நடித்தவர். மன்னிப்பை வாங்கியவரே இப்போது கொடுக்கிறவராக நிற்கிறார் என்று சொன்னதும், பார்த்தவர்கள் அந்தக் காட்சியை இன்னொரு தரம் போடச் சொன்னார்கள்.

அடுத்தது 1959இல் வந்த 'பென்ஹர்'. மூன்றரை மணி நேரம் ஓடும் என்பதால், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய இரண்டு வெள்ளிகளில் பாதி பாதியாகப் போடப் போகிறோம். சங்கிலியில் கட்டி இழுத்துச் செல்லப்படும் நாயகன் பென்ஹருக்கு முகம் காட்டாத ஒருவர் தண்ணீர் கொடுக்கும் காட்சி முதல் பாதியில் வந்துவிடும். சிலுவை சுமந்து போகிறவருக்கு அவன் தண்ணீர் கொண்டு ஓடுவது இரண்டாம் பாதியில். ஒரு வாரம் இடைவெளி விட்டால் முதல் காட்சி யாருக்காவது மறந்து போகுமோ என்று யோசித்து, இரண்டாம் வெள்ளியில் அந்தத் துண்டை மட்டும் முதலில் ஓட்டிவிட்டுத் தொடங்குவது என்று ஆச்சி பேத்தியோடு பேசி வைத்திருக்கிறேன்.