‘ஸ்டாக் இல்லை’

செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு எங்கள் ஊர் ரோட்டரி சங்கம் கூடும். ஊர் தெற்கு ஒஹையோவில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் கென்டக்கி. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நீள மேசைகள் போட்டு, பேப்பர் தட்டில் கோழியும் பச்சை பீன்ஸும் வைப்பார்கள். தலைவர் மணியடித்ததும் எழுந்து நின்று கொடிக்கு உறுதிமொழி சொல்வோம். அப்புறம் நால்வழிச் சோதனை. 1932-இல் ஹெர்பர்ட் டெய்லர் என்ற சிகாகோ வியாபாரி, நொடித்துப்போன ஒரு கம்பெனியைத் தூக்கி நிறுத்துவதற்காக எழுதி வைத்துக்கொண்ட நான்கு கேள்விகள் அவை. முதல் கேள்வி, ‘இது உண்மையா?’ பத்து வருஷத்துக்கு மேலாக வாராவாரம் அதைச் சொல்லிவருகிறேன்.

சாப்பாட்டுக்கு நடுவே ‘மகிழ்ச்சி டாலர்’ கூடை சுற்றிவரும். நல்ல சேதி உள்ளவர்கள் ஒரு டாலரைப் போட்டுவிட்டுச் சொல்லலாம். பேத்தி பிறந்திருப்பாள், பள்ளி அணி ஜெயித்திருக்கும், முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கும். மதுரையில் பி.ஃபார்ம் படித்துவிட்டு வந்த எனக்கு இந்த ஊரில் முதலில் சொந்தம் கொடுத்தது இந்தக் கூடைதான். என் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று ஐந்து டாலர் போட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

2024-இல் ஒரு செவ்வாய்க்கிழமை பேச்சாளர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) சுகாதாரத் துறை நர்ஸ். இன்னொருவர் கூரை வேலை பார்ப்பவர், வயது ஐம்பதுக்குள் இருக்கும்.

நர்ஸ் முதலில், ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலோக்சோன் ஸ்ப்ரேயை மேசை மேசையாகச் சுற்றிவரக் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் கருவி. ஓபியாய்டு, அதாவது மார்ஃபின், ஹெராயின் வகை மருந்து, அளவு மீறினால் மூளை மூச்சு விடச் சொல்லுவதையே மறந்துவிடும். உதடு நீலமாகும், தொண்டையில் ஒரு கரகரப்பு கேட்கும். அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிட வேண்டும், தலையைப் பின்னால் சாய்த்து ஒரு மூக்குத் துவாரத்தில் நுழைத்து அழுத்த வேண்டும். இரண்டு மூன்று நிமிஷத்தில் மூச்சு திரும்பாவிட்டால் இன்னொன்று. எண்பது வயது விவசாயி ஒருவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் தப்பா நினைச்சுக் கொடுத்துட்டா?” என்று கேட்டார். உடம்பில் ஓபியாய்டு இல்லையென்றால் இது ஒன்றும் செய்யாது என்றார் நர்ஸ். பெரியவர் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் கவுண்டியில் அப்படிக் கேட்க மாட்டோம். எந்த வீட்டில் யார் போனார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அமெரிக்காவில் 2022-இல் மட்டும் போதைப்பொருள் அளவு மீறி இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அதில் முக்கால்வாசி ஓபியாய்டால். ஆனாலும் இங்கே அதை யாரும் எண்ணாகச் சொல்ல மாட்டார்கள், பெயராகத்தான் சொல்வார்கள்.

அடுத்து கூரைக்காரர் எழுந்தார். கையில் குறிப்பு எதுவும் இல்லை. 2004-இல் ஏணியிலிருந்து விழுந்து முதுகு போனது, டாக்டர் ஆக்சிகோடோன் என்ற ஓபியாய்டு வலி மாத்திரை எழுதினார். மாத்திரை முடிந்த மறுநாள் உடம்பெல்லாம் முறுக்கியது, வாந்தி வந்தது, மயிர்க்கூச்செறிந்தது. ஃப்ளூ என்று நினைத்தாராம். அப்புறம் ரொக்கம் வாங்கிக்கொண்டு சீட்டு எழுதும் கிளினிக்குகள். 2011-இல் மாநிலம் சட்டம் போட்டு அவற்றை மூடியது. மூடியதோடு ஹெராயின் வந்தது, ஹெராயினோடு அதைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில் வந்தது.

2017-இல் விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்து, ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிப்போய் ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறார். அப்போது புப்ரெனார்ஃபின் என்ற, ஓபியாய்டு பழக்கத்திலிருந்து மீள உதவும் மருந்தை எழுத டாக்டர்களுக்குத் தனி அனுமதி வேண்டும். எங்கள் பக்கத்தில் அது இருந்தவர்கள் மிகக் குறைவு. (அந்த விதி 2022 டிசம்பரில்தான் போனது.) சீட்டோடு திரும்பியபோது வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

“நாலு மருந்துக்கடை ஏறினேன். நாலு கடையிலும் ஸ்டாக் இல்லைன்னாங்க. நாலாவது கடையில அந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துட்டே சொன்னாங்க.”

சனிக்கிழமை ராத்திரி அவருடைய தம்பி குளியலறைக் கதவை உடைத்திருக்கிறார். நலோக்சோன் இரண்டு முறை அடித்த பிறகுதான் மூச்சு வந்ததாம்.

என் தட்டில் கோழி அப்படியே இருந்தது.

அவர் சொன்னது என் கடை இல்லை. ஊர், வருஷம் எதுவும் பொருந்தவில்லை, எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நானும் ஒரு வெள்ளிக்கிழமை அதையே சொல்லியிருக்கிறேன். அப்போது வேறொரு கடையில் வேலை. முப்பது வயதுகூட ஆகாத பையன், வெளிக் கவுண்டி டாக்டரின் சீட்டு, நாக்குக்கு அடியில் வைக்கிற 8 மில்லிகிராம் ஃபிலிம், பதினான்கு. எங்களிடம் பெட்டி இருந்தது. எனக்குப் பின்னால் இரண்டடியில், பூட்டிய அலமாரியில். மொத்த வியாபாரிகள் கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு அளவு வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் கேள்வி வரும், சப்ளை நிற்கும். ‘தெரியாத ஆளுக்குக் கொடுக்காதே, இருக்கிறவங்களுக்குப் போதாது’ என்பது கடையின் எழுதப்படாத சட்டம். நான் திரையைப் பார்த்தபடியே “ஸ்டாக் இல்லை, திங்கட்கிழமை போன் பண்ணிப் பாருங்கள்” என்றேன். அவன் “தேங்க் யூ மேம்” என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

அந்த மருந்து என்ன செய்யும் என்று தெரியாதவள் இல்லை நான். ஃபென்டனில் போய் உட்காரும் அதே இடத்தில் புப்ரெனார்ஃபின் இறுகப் பிடித்து உட்காரும், ஆனால் பாதி வேலைதான் செய்யும். முறுக்கலும் வாந்தியும் நிற்கும், போதை ஏறாது, மூச்சை அடக்கும் வேகமும் ஒரு அளவோடு நின்றுவிடும். இதையோ, இதே சிகிச்சைக்கான இன்னொரு மருந்தான மெத்தடோனையோ தொடர்ந்து எடுப்பவர்களில் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. இதய நோய்க்கு இப்படி ஒரு மருந்து இருந்து, அதை இல்லை என்று ஒளித்து வைத்தால் என் லைசென்ஸைப் பிடுங்கியிருப்பார்கள். இதை ஒளித்ததற்கு என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதில் இன்னொன்று உண்டு. 1998-இல் மதுரையில் என் அத்தை கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தார். கடைசி இரண்டு மாதம் அவர் கத்தியது தெருவுக்கே கேட்டது. மார்ஃபின் மாத்திரை எங்கும் கிடைக்கவில்லை. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகளே அதை வைத்துக்கொள்ள அஞ்சிய காலம் அது. மருந்துக்காக அபினைச் சட்டப்படி பயிரிடும் நாட்டில், என் அத்தைக்குப் பாராசிட்டமால்தான் கிடைத்தது. அதனால் 2003-இல் இங்கே கவுண்டருக்குப் பின்னால் நின்றபோது, வலிக்கிறது என்று சொன்னவருக்கெல்லாம் மாத்திரை கிடைப்பதைப் பார்த்து, இதுதான் நாகரிகம் என்று மனதார நம்பினேன். நோயாளிகள் அரிதாகத்தான் அடிமையாவார்கள் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அந்தப் பேச்சுக்கு ஆதாரமாகச் சுற்றிக்கொண்டிருந்ததில் ஒன்று, 1980-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஐந்தே வாக்கியக் கடிதம் என்பதும், அது ஆஸ்பத்திரிப் படுக்கையில் மருந்து எடுத்தவர்களைப் பற்றியது மட்டுமே என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. 1996-இல் ஆக்சிகோடோனை ஆக்சிகான்டின் என்ற பெயரில் மாத்திரையாகக் கொண்டுவந்த பர்டியூ கம்பெனி, அதன் அபாயத்தைக் குறைத்துச் சொன்ன குற்றத்தை 2007-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் நான் எத்தனை ஆயிரம் மாத்திரை எண்ணிக் கொடுத்திருப்பேனோ.

அப்புறம் பயம் வந்தது. யாருக்கு என்ன மாத்திரை போகிறது என்று பார்க்கும் மாநிலப் பதிவேடு வந்தது, தணிக்கை வந்தது, எல்லோருக்கும் சந்தேகக் கண் வந்தது. அந்தப் பயம் எங்கே இருந்திருக்க வேண்டுமோ அங்கே இருக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். மாத்திரை கேட்டு வந்தவருக்கு ஆண்டுக்கணக்கில் திறந்திருந்த கை, அதிலிருந்து மீள மருந்து கேட்டு வந்தவருக்கு மூடிக்கொண்டது.

கேள்வி நேரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், “இப்படிக் காப்பாற்றிக்கொண்டே இருந்தால் பயம் விட்டுப்போகாதா?” என்று கேட்டார். கூரைக்காரர் கோபப்படவில்லை. “எனக்கு நாலு தடவை அடிச்சாங்க. நாலாவது தடவை எந்திரிச்சவன்தான் இங்கே நிக்கிறேன்” என்றார். ஒரு மணிக்கு மணியடித்தது. யாரும் உடனே எழவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு நான் அவரிடம் போய், நான் மருந்தாளர் என்றும், ஒருமுறை அதே பொய்யைச் சொன்னவள் என்றும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “இப்ப உங்க கடையில இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

இருக்கிறது என்று முழு மனதோடு சொல்ல என்னால் முடியவில்லை. நான்கைந்து பழைய நோயாளிகளுக்கு மட்டும் வைத்திருந்தோம். அந்த வாரமே மொத்த வியாபாரிக்கு எழுதினேன். அளவை உயர்த்த என்ன காரணம் என்று கேட்டார்கள். சிகிச்சை பெறுபவர்கள் கூடியிருக்கிறார்கள் என்று விவரங்களோடு மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. வெளிக் கவுண்டி டாக்டர்களின் நம்பர்களைச் சுவரில் ஒட்டினேன். சீட்டு சந்தேகமாக இருந்தால் போன் செய்து கேட்பது, கேட்காமல் இல்லை என்று சொல்வதில்லை. கடையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் அதையே சொன்னேன்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, கடை மூட அரை மணி நேரம் இருக்கும்போது ஒரு பெண் வந்தாள். கசங்கிய சீட்டு, அதே ஃபிலிம், பதினான்கு. நீட்டிய கை வியர்த்திருந்தது. நான் படிப்பதற்கு முன்பே, “ஸ்டாக் இருக்காதுன்னு தெரியும், சும்மா கேட்டுப் பார்க்கலாம்னு” என்றாள்.

“இருக்கு. இருபது நிமிஷம் ஆகும், உட்காருங்க” என்றேன்.

அவள் உட்காரவில்லை. நான் அலமாரியைத் திறந்து, எண்ணி, லேபிள் ஒட்டி முடிக்கும்வரை கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தாள்.