விடை தெரிந்த எலும்புகளோடு ஆறு வாரம்

கோயிம்ப்ராவுக்குப் போகிறேன் என்று போனில் சொன்னதும் அம்மா கேட்டார்: "கோயம்புத்தூருக்கு எதுக்குடி விசா?" அது போர்ச்சுகல் என்று விளக்கி, எலும்புக்கூடுகளைப் பார்க்கத்தான் போகிறேன் என்பதையும் சொன்ன பிறகு மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

நான் தடயவியல் மானுடவியல் படிப்பவள். யாருடையது என்று தெரியாத எலும்புக்கூடு கிடைத்தால் ஆணா பெண்ணா, என்ன வயதிருக்கும் என்று சொல்வது எங்கள் வேலை. அதற்கான முறைகள் சரிதானா என்று சோதிக்க, வயது முன்பே தெரிந்த எலும்புகள் வேண்டும். கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் அப்படி 505 பேர் இருக்கிறார்கள். 266 ஆண்கள், 239 பெண்கள். எல்லோரும் 1904க்கும் 1938க்கும் இடையில் இறந்தவர்கள். பெரும்பாலோர் அந்த ஊரின் கொன்ஷாதா இடுகாட்டிலிருந்து வந்தவர்கள். போர்ச்சுகலில் சாதாரணக் குழி நிரந்தரமில்லை. சில வருடம் கழித்துத் தோண்டுவார்கள். குடும்பம் வந்து எலும்பை வாங்கிக்கொள்ளாவிட்டால் பொதுக்குழிதான். அந்தக் குழிக்குப் போகவிருந்தவர்களை எவுசேபியு தமஞ்ஞினி என்ற மானுடவியல் பேராசிரியர் சேகரித்தார். பெயர், பெற்றோர், பிறந்த ஊர், தொழில், வயது, சாவின் காரணம் எல்லாம் பதிவேட்டில் ஏறின.

அனுமதி விண்ணப்பத்தை முதல் தடவை நானே சொதப்பினேன். "வயதைக் கணிக்க எலும்புகளை ஆராய வேண்டும்" என்று எழுதியிருந்தேன். என் வழிகாட்டி அனுப்பவே விடவில்லை. எந்த எலும்பு, எத்தனை பேர், எந்த முறை, எத்தனை நாள், ஏன் இந்தத் தொகுப்பு என்று ஓரமெல்லாம் சிவப்பு. சரி என்று திருத்தினேன். எங்கள் பல்கலைக்கழக அறநெறிப் படிவத்தில் ஒரே கேள்வியில் இரண்டு வாரம் நின்றேன்: இவர்கள் சம்மதம் தந்தார்களா? அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகத்தில் 1981இலிருந்து வளர்ந்துவரும் தொகுப்பு என்றால் பதில் சுலபம். அங்கே பலர் உயிரோடு இருக்கும்போதே கையெழுத்திட்டுத் தங்கள் உடலைத் தருகிறார்கள். இங்கே இருப்பவர்கள் குழிக்கு நிரந்தரமாகப் பணம் கட்ட முடியாத ஏழைகள். அக்காலச் சட்டம், வழக்கம் என்று அரைப் பக்கம் எழுதி, அப்புறம் அழித்துவிட்டு, "இல்லை. யாரும் அவர்களைக் கேட்கவில்லை" என்று போட்டேன். பெயர்களைப் பயன்படுத்த மாட்டேன், முகம் தெரியும்படி மண்டை ஓட்டைப் படமெடுக்க மாட்டேன் என்றும் சேர்த்தேன்.

நான் பார்த்தது இடுப்பெலும்பின் இரண்டு பாதியும் முன்பக்கம் சேரும் பரப்பு. இளவயதில் அது உழுத நிலம் போல வரிவரியாக இருக்கும். வயது ஏற ஏறச் சமமாகி, விளிம்பு கட்டி, பிறகு சிதையும். சூச்சி–புரூக்ஸ் முறை இதை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. வயதைப் பார்க்காமல் நிலையைச் சொல்ல வேண்டும். அதனால் வழிகாட்டி எனக்கு எண்கள் மட்டும் உள்ள பட்டியலைத் தந்திருந்தார்.

அது போதும் என்று நினைத்தது என் அசட்டுத்தனம். எலும்புகள் உள்ள தட்டை எடுத்து மேசையில் வைத்தால் முழு ஆளும் அங்கே இருக்கிறார். முதுகெலும்பில் முள் முளைத்திருக்கிறது, தாடையில் பல்லே இல்லை. கண் அங்கே போய்விட்ட பிறகு இடுப்பெலும்பும் கிழமாகத்தான் தெரியும். ஒருவரின் விலா எலும்புகளின் உட்பக்கம் புது எலும்பு படிந்திருந்தது, காசநோயாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் வருவதற்கு முந்தைய காலத்தவர்கள், நோய் தடையில்லாமல் எலும்பு வரை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் அரை நாள் ஓடிவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து இடுப்பெலும்பைத் தவிர மற்றதை வெள்ளைத் துணியால் மூடிவிட்டேன். உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: காலிப்பரை மறந்தாலும் துணியை மறக்காதீர்கள்.

கடைசி வாரம், முதலில் பார்த்த முப்பது பேரைப் பழைய குறிப்பைத் திறக்காமல் மறுபடி பார்த்தேன். ஏழு பேருக்கு வேறு நிலை கொடுத்திருந்தேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு பதிவேட்டிலிருந்த உண்மையான வயதுகள் கைக்கு வந்தன. இளையவர்களிடம் ஓரளவு தேறியிருந்தேன். முதியவர்களில் தப்பு நடக்கவே வாய்ப்பில்லை, அதுதான் கொடுமை. ஆறாம் நிலைப் பெண் என்றால் முறை தரும் வரம்பு 42 முதல் 87 வரை. காணாமல் போனவர் பட்டியலோடு நிற்கும் போலீஸ்காரரிடம் இதைச் சொன்னால் என்ன செய்வார்?

பதிவேட்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பெண்களில் பெரும்பாலோருக்குத் தொழில் என்ற இடத்தில் 'வீட்டு வேலை' என்றுதான் இருக்கிறது. வயலில் குனிந்து நிமிர்ந்தவளும், தலையில் சுமை தூக்கியவளும் அதே சொல்லுக்குள் போயிருப்பார்கள். தொழிலையும் எலும்புத் தேய்மானத்தையும் பொருத்திப் பார்க்கும் ஒரு பகுதியைத் திட்டமிட்டிருந்தேன், அதைக் கைவிட்டேன்.

இன்னொன்று. பல எலும்புகளில் நான் பார்க்க வேண்டிய விளிம்பே மழுங்கியிருந்தது. மண்ணில் கிடந்ததாலா, எனக்கு முன் வந்த ஆய்வாளர்களின் விரல் பட்டதாலா என்று சில இடங்களில் பிரிக்க முடியவில்லை. அதனால் ஆய்வேட்டோடு என் படங்களையும் அளவுகளையும் எண்வாரியாக அடுக்கி அங்கே அனுப்பிவைத்தேன், அடுத்து வருபவர் அதே தட்டை இழுக்கும் முன் பார்த்துக்கொள்ளட்டும் என்று.