கலஹாரியில் போர்வெல் வேலை

போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் ஓடுகின்றன. அந்த வழியாகத்தான் நானும் தென் ஆப்பிரிக்கப் பகுதியில் கலஹாரி பாலைவனம் பரந்து கிடக்கும் போட்ஸ்வானா நாட்டின் கான்சி பக்கம் போய்ச் சேர்ந்தேன். மாட்டுப் பண்ணைகளுக்குப் போர்வெல் போடுவது எங்கள் வேலை. அங்கே பாறையை விட மணல்தான் பெரிய தொல்லை. குழியைத் தாங்கும் கேசிங் குழாயை இறக்காவிட்டால் குழி சரிந்து, துளையிடும் ராடைப் பிடித்துக்கொள்ளும். அதையெல்லாம் தாண்டித் தண்ணீர் வந்தாலும் பல இடங்களில் உப்புக் கரிக்கும். அப்படிப்பட்ட நிலத்தில் ரிக்கும் கம்ப்ரசரும் இல்லாமல் பல்லாயிரம் ஆண்டுகளாக ஒரு மக்கள் கூட்டம் வாழ்ந்திருக்கிறது என்றால், எங்கள் தொழில் தெரிந்தவனுக்கு அது சின்ன விஷயமாகப் படாது.

அந்தக் கூட்டம்தான் சான் மக்கள். எங்களோடு வேலை செய்த உள்ளூர் ஆட்களில் பலர் அவர்கள்தான். அந்த நாட்டில் அவர்களை பசார்வா என்பார்கள். கான்சி பண்ணை நிலமெல்லாம் அவர்களுடைய முன்னோர் வேட்டையாடிய மண். 1890களின் கடைசியில் வெள்ளைக்காரக் குடியேறிகள் வந்தார்கள். பிறகு வேலி வந்தது. வேலிக்குள் இருந்த நீர்நிலையும் கையை விட்டுப் போனது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே மண்ணில் மாடு மேய்க்கும் கூலிகளானார்கள்.

வேலை ஓய்ந்த மாலைகளில், குழுவில் இருந்த பெரியவர் ஒருவரிடம் பழைய வாழ்க்கையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பேன். ஈரம் தங்கியிருக்கும் பள்ளத்தில் கை நீளத்துக்குத் தோண்டி, நுனியில் புல்லைச் சுற்றிய நாணல் குழாயை இறக்கி, மணலை மூடிவிட்டு வாயால் உறிஞ்சுவார்களாம். அந்தப் புல்தான் வடிகட்டி. நாங்கள் துளை போட்ட குழாயைச் சுற்றிச் சரளை கொட்டுவதும் இதே கணக்குதான். உறிஞ்சிய நீரைத் தீக்கோழி முட்டை ஓட்டில் நிரப்பி, வாயைப் புல்லால் அடைத்து, பின்னால் வரும் வறட்சிக்காகப் புதைத்து வைப்பார்கள். மேலே தரையில் ஒரு சின்னக் கொடிதான் தெரியும். அதை வைத்துக்கொண்டே அடியில் கிடக்கும் பெரிய கிழங்கைத் தோண்டி எடுத்து, சீவி, கைப்பிடியில் பிழிந்து குடிப்பார்கள். சம்மா என்ற காட்டுத் தர்பூசணிதான் பல மாதங்களுக்குத் தண்ணீர்.

எங்கே, எத்தனை பேர் சேர்ந்து வாழ்வது என்பதையே தண்ணீர்தான் முடிவு செய்தது. சான் மக்களில் ஒரு பிரிவான மத்திய கலஹாரியின் குவி மக்கள் மழைக்குப் பிறகு, தர்பூசணி நிறையக் கிடைக்கும்போது, ஒன்றுகூடுவார்கள். வறண்ட மாதங்களில் குடும்பம் குடும்பமாகப் பிரிந்துவிடுவார்கள். நமீபியப் பக்கத்தில் வாழும் இன்னொரு சான் பிரிவான ஜூஹோவான்சி மக்களுக்கு நேர்மாறு. அங்கே வற்றாத ஊற்றுகள் உண்டு. வறட்சியில்தான் அவற்றைச் சுற்றிக் கூடுவார்கள். இதையெல்லாம் வெறும் அலைச்சல் என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வரும்.

அப்புறம் போர்வெல் வந்தது. மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகம் 1961இல் அமைந்தபோது, விலங்குகளோடு அந்த மக்களும் அங்கேயே வாழ இடம் இருந்தது. காப்பகத்துக்குள் ஹாதே என்ற இடத்தில் போர் போட்டதும் குடும்பங்கள் அதைச் சுற்றித் தங்க ஆரம்பித்தன. குழந்தையை வைத்திருக்கும் தாய் பக்கத்தில் கிடைக்கும் தண்ணீரைத்தானே தேடுவாள். ஆனால் ஒரே குழாயை நம்பி வாழ்பவர்களை, அந்தக் குழாயை மூடியே கிளப்பிவிட முடியும். 1997இலும் 2002இலும் அரசு அவர்களைக் காப்பகத்துக்கு வெளியே குடியேற்றியது. 2002இல் காப்பகத்துக்குள் மொதொமெலோ என்ற ஊரில் இருந்த போரின் பம்பைக் கழற்றி, போரையும் அடைத்துவிட்டார்கள். எத்தனையோ போர்களில் பம்பை இறக்கியவன் நான். ஓடிக்கொண்டிருந்த போரை ஆட்களை வெளியேற்றுவதற்காக அடைத்தார்கள் என்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

வெளியேற்றப்பட்ட மக்கள் நீதிமன்றம் போனார்கள். வெளியேற்றியது சட்டவிரோதம் என்று 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் தண்ணீர் கிடைக்கவில்லை. 2010இல் அதே நீதிமன்றம் போரைத் திறக்கும் கோரிக்கையைத் தள்ளியது. இதற்கிடையே அதே காப்பகத்தில் நீச்சல் குளத்தோடு ஒரு சுற்றுலா விடுதி வந்திருந்தது. 2011 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது: பழைய போரைப் பயன்படுத்தலாம், புதிதாகவும் போட்டுக்கொள்ளலாம், செலவு மட்டும் அவர்களுடையது. அந்த ஆண்டு செப்டம்பரில் மொதொமெலோவில் மறுபடியும் தண்ணீர் வந்தது. ஆனால் 2006 தீர்ப்பு வழக்கில் பெயர் இருந்தவர்களுக்கு மட்டும்தான் என்று அரசு எடுத்துக்கொண்டது. பட்டியலில் இல்லாத உறவினர்கள் சொந்த ஊருக்குப் போவதற்கும் அனுமதிச் சீட்டு கேட்க வேண்டியதாயிற்று.